ஒருவரையும் கழிக்காமல் வென்ற கோப்பை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளுக்குள் பாயும் பணத்தைப் பற்றித் தங்கள் நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். 2025 ஜூன் மாதம் நீதிமன்றம் ஒப்புதல் அளித்த உடன்பாட்டின்படி, கல்லூரி விளையாட்டின் மேல்நிலையான முதல் பிரிவிலுள்ள ஒரு பல்கலைக்கழகம் தன் வீரர்களுக்கு ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை நேரடியாகப் பகிர்ந்தளிக்கலாம் என்ற செய்தியைக் கட்டுரையாளர் தெளிவாக விளக்கியிருந்தார். அவர் எழுதியதில் பிழை ஏதுமில்லை. ஆனால் அந்தக் கட்டுரையை மட்டும் படிக்கும் ஒருவர், அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து என்றால் ஒரு லட்சம் பேர் அமரும் அரங்கங்களும், மாநில ஆளுநரைவிடப் பல மடங்கு ஊதியம் பெறும் பயிற்சியாளர்களும், பணம் எங்கே அதிகமோ அங்கே ஆண்டுக்கு ஒரு கல்லூரி மாறும் இளைஞர்களும் மட்டுமே என்று எண்ணிவிடக்கூடும். மினசோட்டா மாநிலத்தின் நடுப்பகுதியில் வாழ்ந்துவரும் நான், என் வீட்டிலிருந்து காரில் சிறிது நேரத்தில் எட்டிவிடக்கூடிய ஒரு சிறிய கல்லூரி, 2003ஆம் ஆண்டில் எவ்வாறு தேசியப் பட்டத்தை வென்றது என்பதைத் தமிழ் வாசகர்கள் அறிய வேண்டும் என்று விரும்புகிறேன். அந்த வெற்றியையும் அதை ஈட்டிய முறையையும் பிரித்துப் பார்க்க முடியாது என்பதே இக்கடிதத்தில் நான் சொல்ல வந்தது.

கல்லூரியின் பெயர் செயின்ட் ஜான்ஸ். மினியாபொலிஸ் நகரிலிருந்து வடமேற்கே ஒன்றரை மணி நேரப் பயணத் தொலைவில், காலேஜ்வில் என்னும் இடத்தில், பெனடிக்டைன் துறவிகள் 1857இல் நிறுவிய கல்வி நிலையம் அது. சுற்றிலும் காடு, இரண்டு மூன்று ஏரிகள், நடுவே துறவிமடம். ஆண்கள் மட்டுமே சேரும் அக்கல்லூரியில் மாணவர் எண்ணிக்கை இரண்டாயிரத்தைத் தாண்டுவது அரிது. சில மைல் தொலைவிலுள்ள செயின்ட் பெனடிக்ட் என்ற பெண்கள் கல்லூரியுடன் வகுப்புகளைப் பகிர்ந்துகொள்கிறது. கேரளத்துச் சுரியானிக் கிறித்தவர்களின் பழைய ஏடுகள் உட்பட உலகெங்குமுள்ள கையெழுத்துச் சுவடிகளைப் படமெடுத்துக் காத்துவரும் நூலகம் ஒன்றும் அதே வளாகத்தில் இருக்கிறது என்பதை இந்தியாவிலிருந்து வந்தவன் என்ற முறையில் இங்கே குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை. கால்பந்து மைதானம் ஊசியிலை மரங்களுக்கு நடுவே, நிலம் இயல்பாகவே கிண்ணம்போல் தாழ்ந்த ஓரிடத்தில் அமைந்திருக்கிறது. இலையுதிர் காலத்துச் சனிக்கிழமைப் பிற்பகலில் அதன் சரிவுகளில் புல்மேல் அமர்ந்து பார்க்கும் மக்களுள் பாதிப்பேர் அக்கல்லூரியில் படித்தவர்கள் அல்லர். சுற்றுவட்டாரத்து விவசாயிகளும் கடைக்காரர்களும் அவர்களுடைய பிள்ளைகளுமே.

இங்கே கால்பந்து என்று நான் எழுதுவது முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும், தலைக்கவசமும் தோள்கவசமும் அணிந்து ஆடும் அமெரிக்கக் கால்பந்தையே. பந்துடன் ஓடுபவனை மோதித் தரையில் வீழ்த்துவதுதான் அந்த ஆட்டத்தின் அடிப்படைச் செயல். இதை முதலிலேயே சொல்வதற்குக் காரணம் உண்டு. செயின்ட் ஜான்ஸ் அணியின் கதையே அந்த மோதலைச் சுற்றித்தான் இருக்கிறது.

அமெரிக்கத் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் தன் உறுப்புக் கல்லூரிகளை மூன்று பிரிவுகளாக வகுத்திருக்கிறது. தொலைக்காட்சியில் நாம் காண்பது முதல் பிரிவு. உறுப்பினர் எண்ணிக்கையில் மிகப் பெரியதோ, நானூற்றுக்கும் மேற்பட்ட கல்லூரிகளைக் கொண்ட மூன்றாம் பிரிவு. அங்கே விளையாட்டுத் திறனுக்காக ஒரு டாலர்கூட உதவித்தொகை வழங்கக் கூடாது என்பது விதி. வீரன் படிக்க வருகிறான்; படிப்போடு விளையாடுகிறான்; தொழில்முறை அணிக்குச் செல்வோர் விரல்விட்டு எண்ணத்தக்கவர்களே. ஆயினும் அங்கும் செப்டம்பர் முதல் நவம்பர் வரை முறையான பருவமும், அதன்பின் தோற்றவர் வெளியேறும் சுற்றுகளும், டிசம்பரில் ஆமோஸ் அலோன்சோ ஸ்டாக் என்ற பழைய பயிற்சியாளரின் பெயரால் நடைபெறும் இறுதிப் போட்டியும் உண்டு. அக்காலத்தில் ஸ்டாக் கோப்பைப் போட்டி வர்ஜீனியா மாநிலத்தின் சேலம் என்னும் ஊரில் நடந்துவந்தது.

2003ஆம் ஆண்டுப் பருவம் தொடங்கியபோது செயின்ட் ஜான்ஸ் அணியின் பயிற்சியாளர் ஜான் கலார்டிக்கு வயது எழுபத்தாறு. அக்கல்லூரியில் அது அவருடைய 51ஆவது பருவம். அதற்குமுன் மொன்டானாவிலுள்ள கேரல் கல்லூரியில் நான்கு பருவங்கள் பயிற்சி அளித்தவர். எல்லாம் சேர்த்து அவர் கணக்கில் அப்போது 400 வெற்றிகள் இருந்தன. கல்லூரிக் கால்பந்து வரலாற்றில் அதிக வெற்றி பெற்ற பயிற்சியாளர் என்ற பெருமை, லூசியானாவின் கிராம்ப்லிங் பல்கலைக்கழகத்தில் கறுப்பின இளைஞர்களைத் தலைமுறை தலைமுறையாக உருவாக்கிய எடி ராபின்சனுக்கு உரியதாக இருந்தது. அவர் பெற்றவை 408. ஆக, எட்டு ஆட்டங்களை வென்றால் சமன், ஒன்பதாவதை வென்றால் புதிய சாதனை என்ற நிலையில் அந்தப் பருவம் தொடங்கியது. நவம்பர் 8ஆம் நாள், சொந்த மைதானத்தில், பெத்தேல் அணிக்கு எதிராக 29-26 என்ற கணக்கில் அந்த ஒன்பதாவது வெற்றி வந்தது. பதின்மூவாயிரம் பேருக்கு மேல் அன்று திரண்டிருந்தனர். கல்லூரியின் மாணவர் தொகையைப்போல் ஆறு மடங்குக்கும் அதிகமான கூட்டம் அது.

சாதனை அத்துடன் நின்றிருந்தால் அது ஒரு முதியவரின் நீண்ட உழைப்புக்குக் கிடைத்த மரியாதையாக மட்டும் இருந்திருக்கும். அணி நிற்கவில்லை. காலிறுதியில் ஓரிகனின் லின்ஃபீல்டு கல்லூரியை 31-25 என்று வென்றது. அரையிறுதியில் நியூயார்க் மாநிலத்தின் ரென்சலர் தொழில்நுட்பக் கல்லூரியை 38-10 என்று வீழ்த்தியது. டிசம்பர் 20 அன்று சேலத்தில் எதிரே நின்றது ஒஹையோ மாநிலத்தின் மவுண்ட் யூனியன் கல்லூரி.

மவுண்ட் யூனியன் எத்தகைய அணி என்பதைச் சொல்லாவிட்டால் அந்த நாளின் எடை விளங்காது. லாரி கெரெஸ் என்ற பயிற்சியாளரின்கீழ் அது முந்தைய மூன்று ஆண்டுகளும் தொடர்ந்து பட்டம் வென்றிருந்தது. அந்த இறுதிப் போட்டிக்கு வந்தபோது 55 ஆட்டங்களில் தோல்வியே இல்லை. அதற்கும் முன்னால் 54 ஆட்டங்கள் தொடர்ந்து வென்று, ஒன்றில் மட்டும் தோற்று, மறுபடியும் இந்தத் தொடரைத் தொடங்கியிருந்தது. அதாவது 110 ஆட்டங்களில் 109 வெற்றி. செயின்ட் ஜான்ஸுக்கோ அந்த அணியிடம் பழைய வடுக்கள் பல இருந்தன. 1993இல் ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக 61.5 புள்ளிகள் குவித்துச் சாதனை படைத்த செயின்ட் ஜான்ஸ் அணி, அரையிறுதியில் மவுண்ட் யூனியனிடம் 56-8 என்று நொறுங்கியது. 2000ஆம் ஆண்டு இறுதிப் போட்டியில் ஆட்டம் முடியும் தறுவாயில் அடிக்கப்பட்ட ஒரே உதையால் 10-7 என்று தோற்றது. அடுத்த ஆண்டு அரையிறுதியில் மீண்டும் அதே அணியிடம் தோல்வி.

அப்படிப்பட்ட எதிரியைத்தான் 2003இல் 24-6 என்று வென்றார்கள். ஆட்டத்தின் இறுதிக் கட்டத்தில், மவுண்ட் யூனியன் செயின்ட் ஜான்ஸின் எல்லைக்கோட்டை நெருங்கிவந்து எறிந்த பந்தைச் செயின்ட் ஜான்ஸின் தற்காப்பு வீரர் ஒருவர் இடைமறித்துப் பிடித்து, மைதானத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நூறு கெஜம் ஓடி, எதிரணியின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் பந்தைக் கொண்டு சேர்க்கும் டச் டவுனை அடித்தார். அந்தப் பருவத்தில் அணியின் முதன்மை வீரராக விளங்கிய பிளேக் எலியட், மூன்றாம் பிரிவின் சிறந்த வீரருக்கான விருதைப் பெற்றார். அந்த விருது 1993 முதல் அவருடைய சொந்தப் பயிற்சியாளரின் பெயராலேயே, கலார்டி விருது என்று, வழங்கப்பட்டு வருகிறது. பதினான்கு ஆட்டங்கள், பதினான்கும் வெற்றி. 1963, 1965, 1976 ஆகிய ஆண்டுகளில் தேசியப் பட்டங்களை வென்ற அக்கல்லூரி, 27 ஆண்டுகள் காத்திருந்து நான்காவது பட்டத்தைப் பெற்றது.

இனி, அவர்கள் எவ்வாறு பயின்றார்கள் என்பதற்கு வருகிறேன். இந்தக் கடிதத்தை எழுதத் தூண்டியது புள்ளிக்கணக்கைவிட இதுவே.

கலார்டியின் காலத்தில் செயின்ட் ஜான்ஸ் அணியில் சேர விரும்பி வந்த எவரையும் தேர்வு வைத்துக் கழித்ததில்லை. களத்தில் ஒரே நேரத்தில் ஆடுவோர் பதினொருவர். ஆனால் பட்டியலில் நூற்றைம்பது பேர் வரை இருப்பார்கள். பயிற்சி ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டாது. ஒருவரையொருவர் மோதி வீழ்த்துவது பயிற்சியில் அறவே கிடையாது. முட்டிப் பழகும் பொம்மைகளும் தள்ளிப் பழகும் இரும்புச் சட்டங்களும் அங்கே இல்லை. விசில் இல்லை. திட்டுதல் இல்லை. தண்டனையாக ஓடவிடுதல் இல்லை. கட்டாய எடைப் பயிற்சி இல்லை. வீரர்களுக்கெனத் தனிச் சாப்பாட்டு மேசை இல்லை. மற்ற மாணவர்கள் உண்ணும் இடத்தில் அவர்களும் உண்பார்கள். தண்ணீர் எப்போது வேண்டுமானாலும் குடிக்கலாம். புதிய மாணவர்களை மூத்தவர்கள் எந்த வகையிலும் இழிவுபடுத்தக் கூடாது. அணித்தலைவர் என்று ஒருவரை நிரந்தரமாக நியமிக்காமல், இறுதியாண்டு மாணவர்கள் முறைவைத்துத் தலைமை ஏற்பார்கள். கடும் மழையிலும் கடும் குளிரிலும் வெளியே பயிற்சி இல்லை. கொசு அதிகமாக இருந்தால்கூட உள்ளே சென்றுவிடுவார்கள். ஏரிகள் நிறைந்த மினசோட்டாவின் கொசுவை அறிந்தவர்கள் இந்த விதியின் அருமையை உணர்வார்கள். பயிற்சிக்கு முந்தைய உடற்பயிற்சிக்குப் பதிலாக வீரர்கள் புல்லில் மல்லாந்து படுத்து வானத்தைப் பார்த்து, இன்று எவ்வளவு நல்ல நாள் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் வழக்கம்கூட இருந்தது. பயிற்சியாளரை எவரும் பதவிப் பெயரால் அழைத்ததில்லை. முதலாண்டு மாணவன் முதல் எல்லாருக்கும் அவர் வெறும் ஜான். ஆசிரியரைப் பெயர் சொல்லி அழைக்காமல் வளர்ந்த நமக்கு இது முதலில் சங்கடமாகத் தோன்றும். ஆனால் அவரிடம் பயின்றவர்கள் அறுபது, எழுபது வயதிலும் அவரைப் பற்றிப் பேசும்போது குரலில் தெரியும் பணிவைக் கேட்டவர்களுக்கு, மரியாதை குறைந்ததாகத் தோன்றாது.

இவை ஓர் ஓய்ந்த மனிதரின் விந்தைப் பழக்கங்கள் அல்ல. ஒவ்வொன்றுக்கும் ஆட்டம் சார்ந்த காரணம் இருந்தது. மோதல் என்பது எவனும் ஆட்ட நாளில் இயல்பாகச் செய்துவிடக்கூடியது. எந்த நொடியில் எந்த இடத்தில் நிற்க வேண்டும், எதிரணியின் அசைவைப் பார்த்து என்ன வரப்போகிறது என்று எவ்வாறு அறிவது என்பதுதான் கற்றுக்கொள்ள வேண்டியது என்று அவர் கருதினார். ஆகவே பயிற்சியில் ஒவ்வோர் ஆட்ட நகர்வையும் முழு வேகத்தில் மீண்டும் மீண்டும் ஓடிப் பார்ப்பார்கள். தற்காப்பு வீரன் சரியான இடத்தை அடைந்து, பந்துடன் வருபவனைத் தொடும் தொலைவில் நின்றுவிடுவான். ஒருவரையும் தரையில் வீழ்த்தாததால் எழுந்து மீண்டும் வரிசைகட்டும் நேரம் மிஞ்சுகிறது. அதே ஒன்றரை மணியில் மற்ற அணிகளைவிட அதிக நகர்வுகளைப் பழக முடிகிறது. அதைவிட முக்கியமாக, செவ்வாய்க்கிழமைப் பயிற்சியில் தன் தோழனின் முட்டியில் அடிபட்டு ஒருவன் சனிக்கிழமை ஆட்டத்தை இழப்பதில்லை. பதினான்கு ஆட்டங்கள் நீளும் ஒரு பருவத்தில், டிசம்பர் மாதம் வரை உடல் தாங்கும் அணியே எஞ்சுகிறது. பயிற்சியில் ஒருமுறைகூட மோதாமல் வந்தவர்கள், 55 ஆட்டங்களாகத் தோற்காத அணியை ஆறு புள்ளிகளுக்குள் அடக்கினார்கள் என்பதை மெத்தனமாக வளர்த்தால் பிள்ளைகள் மெத்தனமாகவே ஆடுவார்கள் என்று நம்புவோர் எண்ணிப்பார்க்க வேண்டும்.

இந்த எண்ணம் அவருக்கு எங்கிருந்து வந்தது என்பதும் சொல்லத்தக்கது. கலார்டி 1926இல் கொலராடோ மாநிலத்தின் டிரினிடாட் என்னும் சுரங்க ஊரில், இத்தாலியிலிருந்து குடியேறிய குடும்பத்தில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அவர் படித்த கத்தோலிக்கப் பள்ளியின் பயிற்சியாளர் படைக்கு அழைக்கப்பட்டபோது, பள்ளி அணியையே கலைத்துவிட எண்ணியது. அப்போது பதினாறு வயதிலிருந்த அவர், தாமே பயிற்சி அளிப்பதாகச் சொல்லி அணியைக் காப்பாற்றினார். தானும் ஆட்டக்காரனாக இருந்துகொண்டு தோழர்களுக்குப் பயிற்சியும் அளிக்க நேர்ந்த அந்தச் சிறுவன் முதலில் செய்தது, தனக்குப் பிடிக்காதவற்றை எல்லாம் நிறுத்தியதுதான். பயனற்ற தண்டால்கள் நின்றன. பயிற்சியின்போது தண்ணீர் குடிக்கக் கூடாது என்று அந்நாளில் பரவலாக இருந்த தடை நீங்கியது. பயிற்சி பெறுபவனின் உடலுக்குள்ளிருந்து பிறந்த விதிகள் அவை. பிறகு அறுபது ஆண்டுகளில் அவற்றோடு மேலும் பல சேர்ந்தனவே தவிர, அடிப்படை மாறவில்லை.

தலைக்காயத்தைப் பற்றிய அறிவு வளர்ந்த பிறகு, மற்றவர்கள் மெல்ல மெல்ல அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். டார்ட்மத் கல்லூரியின் பயிற்சியாளர் பட்டி டீவன்ஸ் 2010இல் தம் பயிற்சிகளில் வீரனை வீரன் வீழ்த்துவதை நிறுத்தினார். 2016இல், ஹார்வர்டு, யேல் முதலிய எட்டுப் பழம்பெரும் கல்லூரிகளின் கூட்டமைப்பான ஐவி லீக்கின் பயிற்சியாளர்கள் அனைவரும் பருவ காலப் பயிற்சியில் அதைக் கைவிட முடிவெடுத்தனர். உரிய பாராட்டுகள் அவர்களுக்குக் கிடைத்தன. மினசோட்டாவின் காட்டுக்குள் ஒரு சிறு கல்லூரி அதையே பல பத்தாண்டுகளுக்கு முன்பிருந்து செய்துவந்ததும், செய்தபடியே பட்டங்களை வென்றதும் போதிய அளவு பேசப்படவில்லை என்பது என் மனக்குறை. அமெரிக்காவில் வாழும் தமிழ்க் குடும்பங்களில், மகன் பள்ளி அணியில் கால்பந்து ஆட வேண்டும் என்று கேட்கும்போது பெற்றோருக்கு முதலில் எழும் அச்சம் மூளை அதிர்ச்சியைப் பற்றியதே. அந்த அச்சம் நியாயமானது. ஆட்ட நாளின் மோதலைச் செயின்ட் ஜான்ஸ் முறையும் நீக்கிவிடவில்லை. ஆனால் வாரத்தில் நான்கைந்து நாள் நடக்கும் பயிற்சியில் எத்தனை முறை மோதவிடுவீர்கள் என்று பள்ளிப் பயிற்சியாளரிடம் கேட்கும் உரிமை பெற்றோருக்கு உண்டு. மோதலே இல்லாமல் பயின்று தேசியப் பட்டம் வென்ற அணி உண்டு என்று தெரிந்தால், அந்தக் கேள்வியைத் தயக்கமின்றிக் கேட்கலாம்.

கழிப்பு இல்லை என்ற விதியைப் பற்றியும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் என் பார்வையில் அதுவே மோதல் இல்லை என்பதைவிட அரிய விதி. நூற்றைம்பது பேரில் பெரும்பாலோர் நான்கு ஆண்டுகளிலும் முக்கியமான ஆட்டம் எதிலும் களமிறங்க மாட்டார்கள். அது அவர்களுக்கும் தெரியும். ஆனாலும் ஒவ்வொரு மாலையும் வருகிறார்கள்; அடுத்த வாரம் எதிர்கொள்ளப்போகும் அணியின் நகர்வுகளைத் தாங்கள் பழகி, முதல் வரிசை வீரர்களுக்கு எதிரே ஆடிக்காட்டுகிறார்கள். மோதி வீழ்த்தும் பயிற்சி நடக்கும் ஓர் அணியில் இந்தப் பின்வரிசை மாணவர்கள்தான் அதிகம் அடிபடுவார்கள். ஓரிரு வாரங்களில் ஒதுங்கியும் விடுவார்கள். அடியில்லை, அவமதிப்பு இல்லை, ஒன்றரை மணியில் நூலகத்துக்குத் திரும்பிவிடலாம் என்னும்போது அவர்கள் தங்குகிறார்கள். ஆக, ஒரு விதி மற்றொன்றைத் தாங்கி நிற்கிறது. பிறகு மருத்துவராகவும் வழக்கறிஞராகவும் விவசாயியாகவும் ஆன அவர்கள், தாம் அந்த அணியில் இருந்ததை ஆடியவர்களுக்குச் சமமான உரிமையுடன் சொல்லிக்கொள்கிறார்கள். நம் ஊர்ப் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் முதல் வாரத்துத் தேர்விலேயே வெளியே அனுப்பப்பட்டு, அதன்பின் பந்தையே தொடாமல் போன எத்தனையோ பிள்ளைகளை எண்ணும்போது, இந்த ஒரு விதியாவது நம்மவர்களை எட்ட வேண்டும் என்று மனம் விரும்புகிறது.

எதிர்வாதங்களையும் நேர்மையாகப் பதிவு செய்கிறேன். முதலாவது, மவுண்ட் யூனியனின் லாரி கெரெஸ் இந்த விதிகளைப் பின்பற்றாமலேயே பதினொரு தேசியப் பட்டங்களை வென்றார். 332 வெற்றிகளுக்கு 24 தோல்விகளும் மூன்று சமநிலைகளும் என்ற அவருடைய விகிதத்தை எவரும் நெருங்கியதில்லை. செயின்ட் ஜான்ஸோ 2003க்குப் பிறகு தேசியப் பட்டம் எதையும் வெல்லவில்லை. எனவே இதுவே வெல்லும் வழி என்று நான் வாதிடவில்லை. இவ்வழியிலும் உச்சத்தை எட்டலாம், அதுவும் உச்சத்தில் இருந்தவர்களையே வீழ்த்தி எட்டலாம் என்பது மெய்ப்பிக்கப்பட்டிருக்கிறது என்கிறேன். 

இரண்டாவது எதிர்வாதம் எனக்கு இன்னும் கனமானது. விளையாட்டு உதவித்தொகை இல்லாத பிரிவு என்பது கேட்பதற்குத் தூய்மையாக இருக்கிறது. ஆனால் இத்தகைய தனியார் கல்லூரியின் கல்விக் கட்டணம் இன்று ஆண்டுக்கு ஐம்பதாயிரம் டாலரைத் தாண்டுகிறது. குடும்ப வருமானத்தையும் மதிப்பெண்ணையும் பார்த்துக் கல்லூரி தரும் உதவி கணிசமானதே என்றாலும், எடி ராபின்சனிடம் பயின்ற பருத்திக்காட்டு இளைஞனுக்குக் கால்பந்து உதவித்தொகையால் திறந்த கதவு, காலேஜ்வில்லில் அதே வகையில் திறந்திருக்காது. 1963இல் செயின்ட் ஜான்ஸ் தன் முதல் பட்டத்துக்காக 33-27 என்று வென்ற அணி, டெக்சஸில் கறுப்பின மாணவர்களுக்கென நிறுவப்பட்ட பிரெய்ரி வியூ கல்லூரி. பின்னாளில் தொழில்முறை ஆட்டத்தில் புகழ்பெற்ற ஓட்டிஸ் டெய்லர் அந்த அணியில் ஆடியவர். அந்த ஆட்டத்தில் இரு பக்கமும் நின்ற இளைஞர்களின் வாழ்க்கைப் பாதைகள் எவ்வளவு வேறுபட்டவை என்பதை மறந்துவிட்டுச் சிறு கல்லூரியின் எளிமையை மட்டும் போற்றுவது முறையாகாது. விளையாட்டு வீரர்களுக்கு ஊதியம் தரும் புதிய உடன்பாட்டை நான் எதிர்க்காததற்கும் இதுவே காரணம். கோடிக்கணக்கான டாலரை ஈட்டித்தரும் இளைஞன் அதில் பங்கு கேட்பது அவனுடைய உரிமை.

மூன்றாம் பிரிவும் பணத்தின் ஈர்ப்புக்கு அப்பாற்பட்டதன்று. செயின்ட் ஜான்ஸின் நூற்றாண்டுப் போட்டியாளரான செயின்ட் தாமஸ் பல்கலைக்கழகம், மற்ற சிறு கல்லூரிகள் ஈடுகொடுக்க இயலாத அளவு வளர்ந்துவிட்டதால், 2019இல் வட்டாரக் கூட்டமைப்பிலிருந்து விலக்கப்பட்டு, 2021இல் நேராக முதல் பிரிவுக்குச் சென்றது. அவ்வாறு விலக்கப்படுவதற்கு இரண்டாண்டுகளுக்கு முன், 2017இல், மினியாபொலிஸ் நகரின் பேஸ்பால் அரங்கில் அவ்விரு கல்லூரிகளும் மோதியபோது 37,355 பேர் வந்து மூன்றாம் பிரிவில் புதிய சாதனை படைத்தார்கள். அந்தப் போட்டி இப்போது நடைபெறுவதில்லை. இந்த வட்டாரத்து மக்களுக்கு அது ஒரு பேரிழப்பு. வளர்ச்சி என்ற பெயரால் எது கைவிடப்படுகிறது என்று கேட்டால் நான் முதலில் அதைத்தான் சுட்டுவேன்.

கலார்டி 2012ஆம் ஆண்டுப் பருவத்துடன், தம் 86ஆவது வயதில் ஓய்வு பெற்றார். 489 வெற்றிகள், 138 தோல்விகள், 11 சமநிலைகள். அந்த வெற்றி எண்ணிக்கை இன்றும் கல்லூரிக் கால்பந்தில் முதலிடத்தில் நிற்கிறது. பயிற்சியாளராகப் பணியாற்றிக்கொண்டிருந்தபோதே 2006இல் கல்லூரிக் கால்பந்துப் புகழவையில் இடம்பெற்றார். 2018 அக்டோபரில் தம் 91ஆம் வயதில் காலமானார்.

ஆசிரியர் அவர்களே, தங்களிடம் இரண்டு வேண்டுகோள்களை வைக்கிறேன். ஒவ்வோர் ஆண்டும் அமெரிக்கத் தொழில்முறைக் கால்பந்தின் சூப்பர் பவுல் போட்டிக்குத் தங்கள் நாளிதழ் அரைப்பக்கம் ஒதுக்குகிறது. டிசம்பரிலோ ஜனவரித் தொடக்கத்திலோ நடைபெறும் ஸ்டாக் கோப்பை இறுதிப் போட்டியின் முடிவையும், வென்ற கல்லூரியைப் பற்றிய நான்கு வரிகளையும் அதே பக்கத்தில் வெளியிடுங்கள். அமெரிக்காவிலுள்ள தங்கள் வாசகர்களின் பிள்ளைகள் பலர் படிப்பதும் விளையாடுவதும் அத்தகைய கல்லூரிகளில்தான். அடுத்து, பள்ளி, கல்லூரி உடற்கல்வி ஆசிரியர்களிடம் கருத்துக் கேட்டு ஒரு தொடர் வெளியிடத் தாங்கள் முன்வந்தால், அதில் முதல் கேள்வியாக இதைக் கேளுங்கள்: அணியில் சேர விரும்பி வரும் மாணவர்களில் எத்தனை பேரை முதல் வாரத்தில் திருப்பி அனுப்புகிறீர்கள், அவர்கள் அதன்பின் எங்கே விளையாடுகிறார்கள்?

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
செயின்ட் கிளவுட், மினசோட்டா